மாணவர் தன் படிப்பைத் தானே படிக்க: கற்றல் குறிப்பு எழுதவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இன்டர்னல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எந்தக் கல்லூரி வகுப்பிலும் ஒரு குரல் கேட்கும்: "நல்லாத்தான் படிச்சேன் சார், எழுதும்போது வரல." சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ராத்திரி வெகுநேரம் விழித்திருப்பார், நோட்ஸ் முழுக்க மஞ்சள் கோடு இழுத்திருப்பார். ஆனால் என்னென்ன செய்து படித்தாய், அதில் எது பலித்தது, எது வீணானது என்று கேட்டால் பதில் வராது. நாமும் "அடுத்த தடவை நல்லாப் படி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் அதே மாதிரி, இன்னும் கொஞ்சம் அதிக நேரம் படித்துவிட்டு வந்து, அதே மார்க் வாங்குவார்.

இந்தச் சுழலை உடைக்க ஒரு வழி, மாணவரைத் தன் படிப்பைப் பற்றி எழுதவைப்பது. சேலம், ஆத்தூர், ஓமலூர், மேட்டூர் வட்டாரத்தில் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆசிரியர் துணை இல்லாமல் செய்து பார்க்க நினைக்கும் மாணவருக்கும் தனியாக ஒரு பகுதி உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பு சின்னதாக, ஒரே ஒரு தடுமாற்றத்தைப் பற்றியதாக, மாணவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியிலேயே இருந்தால் வேலை செய்யும். மனம் உருகும் கட்டுரையாகவோ மார்க்குக்கான அசைன்மென்ட்டாகவோ ஆகிவிட்டால் செத்துப்போகும்.

எதை எழுதச் சொல்கிறோம்

கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் (பியூரெட் என்ற குழாயிலிருந்து ஒரு கரைசலை இன்னொன்றில் விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி அளவு பார்க்கும் சோதனை) முடிந்ததும் எழுதியதாக இரண்டு குறிப்புகளை வைத்துக்கொள்வோம்.

"இன்று டைட்ரேஷன் செய்தோம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன்."

"மூன்று தடவையும் அளவு ஒத்துவரவில்லை. பியூரெட்டைத் திறந்துவிட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று அடர் பிங்க் ஆகிவிட்டது. பக்கத்து டேபிளில் லேசான பிங்க்கிலேயே நிறுத்தினார்கள். கடைசியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்று தெரியும். ஆனால் கடைசி வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த தடவை, பிங்க் தோன்றி மறைய நேரம் எடுக்க ஆரம்பித்ததும் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறேன்."

முதலாவது யாருக்கும் உபயோகமில்லை. எந்த லேபுக்கும், எந்தப் பாடத்துக்கும், ஏன், ஒரு கல்யாண வீட்டுக்கும்கூடப் பொருந்தும். இரண்டாவதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: நடந்தது என்ன, தனக்குத் தெரியாதது சரியாக எந்த இடத்தில், அடுத்து என்ன செய்து பார்க்கப்போகிறார். நமக்கு வேண்டியது இது மட்டும்தான். வகுப்பு நோட்ஸ் பாடத்தைப் பதிவுசெய்கிறது, லேப் ரெக்கார்டு முடிவைப் பதிவுசெய்கிறது. கற்றல் குறிப்பில் பதிவாக வேண்டியது மாணவரின் தடுமாற்றம்.

இது எங்கிருந்து வந்தது

யோசனை என்பதே ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளும்போதுதான் தொடங்குகிறது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-லேயே எழுதினார். தன் சிந்தனையைத் தானே கவனிக்கும் திறனை உளவியலாளர் ஜான் ஃப்ளேவல் 1970-களில் தனி ஆய்வுப் பொருளாக்கினார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பதும் முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பதும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டியவர் டொனால்ட் ஷோன், 1983-ல். ஆசிரியர் பயிற்சியிலும் நர்சிங் படிப்பிலும் இப்படித் திரும்பிப் பார்ப்பதற்குக் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் தந்த ஆறு கட்டச் சுழற்சி பிரபலம். இளநிலை வகுப்புக்கு அது நீளம் என்பது என் அபிப்பிராயம். ஆறு தலைப்பு கொடுத்தால் ஆறு கட்டங்களை நிரப்பும் படிவமாக மாறிவிடுகிறது.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. பெங்களூரில் விப்ரோ நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சிக் காலத்தில், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார்கள். நாளின் கடைசி 15 நிமிடத்தில், அன்று கற்றதை யோசித்து எழுதிய குழு ஒன்று. அந்த நேரத்திலும் வழக்கமான வேலையைத் தொடர்ந்த குழு இன்னொன்று. பயிற்சி முடிவில் வைத்த தேர்வில் எழுதிய குழு சுமார் 23 சதவீதம் மேலாகச் செய்தது. வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டும் முன்னே போனார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. போர்ஷன் முடிக்க நேரமில்லை என்று கவலைப்படும் நமக்கு இது ஒரு பதில்.

முதல் படி: மொழியைத் தீர்மானியுங்கள்

நோட்டு எது, எத்தனை பக்கம் என்பதெல்லாம் அப்புறம். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும், செமஸ்டர் முழுக்க வரும். முதலில் மொழி.

நம் வட்டாரக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களில் பலர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்களும் நிறைய. அம்மாப்பேட்டை, குகை பக்கத்திலிருந்து வருபவர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுபவர்களும் உண்டு. இங்கே வந்ததும் பாடநூலும் கேள்வித்தாளும் ஆங்கிலம். இவர்களிடம் கற்றல் குறிப்பையும் ஆங்கிலத்தில் கேட்டால் என்ன நடக்கும்? தெரிந்த நான்கு வாக்கியங்களுக்குள் அடங்கும் விஷயத்தை மட்டும் எழுதுவார்கள். தடுமாற்றம் அந்த நான்கு வாக்கியங்களுக்குள் அடங்காது.

அதனால் தமிழில் எழுதட்டும். துறைச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி. சந்திப் பிழைக்குச் சிவப்புப் பேனா எடுக்காதீர்கள். தமிழ்த் துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் இந்த ஒரு நோட்டில் மட்டும் பிழை திருத்தம் வேண்டாம். திருத்தத் தொடங்கிய வாரமே எழுத்து சுருங்கிவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிக்கல் பாடத்திலா, மொழியிலா, வேறெங்காவதா என்பது வெளியே வரும். தேய்மானக் கணக்கில் (மெஷின் மாதிரியான சொத்தின் மதிப்பு காலப்போக்கில் குறைவதைக் கணக்கில் காட்டுவது) தப்பு செய்த காமர்ஸ் மாணவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "தேய்மானம் போடத் தெரியும். அக்டோபர் 1-ல் வாங்கிய மெஷினுக்கு முழு வருஷத்துக்கும் போட்டுவிட்டேன். மார்ச் 31-ல் கணக்கு முடிகிறது, ஆறு மாதம்தான் வரும். தேதி கேள்வியிலேயே இருந்தது. தொகையையும் சதவீதத்தையும் பார்த்ததும் மீதி ஆங்கிலத்தைப் படிக்காமல் கணக்குக்குத் தாவிவிடுகிறேன்." இவருக்குத் தேய்மானப் பாடத்தை மறுபடி நடத்துவதில் அர்த்தமில்லை. கேள்வியில் தேதிகளுக்கு வட்டம் போட்ட பிறகே பேனாவைத் தாளில் வைக்கப் பழகச் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"இன்று என்ன கற்றாய்?" என்று கேட்டால் பாடத் தலைப்புதான் பதிலாக வரும். 1970-ல் டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் முன்வைத்த மூன்று கேள்விகள் நல்ல எலும்புக்கூடு: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. ஆனால் அப்படியே கொடுத்தால் மொட்டையாக இருக்கும். உங்கள் பாடத்தின் சதையை அதன்மேல் வைக்க வேண்டும்.

புள்ளியியல் வகுப்பென்றால்: "சராசரியா, மீடியனா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள்?" வரலாறு என்றால்: "இன்று கேட்டதில் எது நீங்கள் ஏற்கெனவே நம்பியதோடு மோதியது?" கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால்: "புரோகிராம் ஓடாதபோது முதலில் எந்த வரியைச் சந்தேகப்பட்டீர்கள், ஏன்? தப்பு உண்மையில் எங்கே இருந்தது?" கடைசிக் கேள்வியை நான் பெரிதும் மதிக்கிறேன். தான் சந்தேகப்பட்ட இடத்துக்கும் தப்பு இருந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே மாணவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. இரண்டு கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும்.

மூன்றாம் படி: வகுப்பிலேயே, கையாலேயே

வீட்டில் எழுதிவரச் சொல்லாதீர்கள். ஆத்தூரிலிருந்தோ மேச்சேரியிலிருந்தோ பஸ் பிடித்து வந்து போகும் மாணவருக்கு வீடு சேரவே இருட்டிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கோ வீட்டுத் தறிக்கோ சாயங்காலம் போகிறவரும் வகுப்பில் இருப்பார். அப்படியே எழுதி வந்தாலும் காலையில் முதல் பெஞ்சில் ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் பார்த்து எழுதியிருப்பார்கள். இப்போது சாட்ஜிபிடி வேறு இருக்கிறது. "டைட்ரேஷன் பற்றிக் கற்றல் குறிப்பு எழுது" என்றால் மணிமணியாக எழுதித் தந்துவிடும். அதைத் தடுக்கப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம், நோட்டு, பேனா, அன்று வகுப்பில் நடந்த ஒன்றைப் பற்றிய கேள்வி. அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் நிற்கும். தினமும் என்றால் இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும், உங்களுக்கும்தான். முதல் சில வாரம் "நன்றாகப் புரிந்தது" என்ற ஒற்றை வரிதான் நிறைய வரும். பயப்பட வேண்டாம். புரியவில்லை என்று எழுதினால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என்ற பள்ளிக்கூடப் பயம் அது. அதைப் போக்கச் சுருக்கமான வழி, கரும்பலகையில் நீங்களே ஒரு குறிப்பை எழுதிக் காட்டுவது. உங்கள் பாடத்தில் உங்களுக்கு இன்னமும் இடறும் ஓர் இடம் கட்டாயம் இருக்கும். அதை எழுதுங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நான்காம் படி: படியுங்கள், ஒரு வரி பதில் எழுதுங்கள்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் படுத்துவிடுகின்றன. நோட்டு வாங்கி டிக் போட்டு, ஒரு இனிஷியல் போட்டுத் திருப்பித் தந்தால், யாரும் படிப்பதில்லை என்று மாணவர் இரண்டே தடவையில் கண்டுபிடித்துவிடுவார். அறுபது பேர் வகுப்பில் எல்லா நோட்டையும் வாராவாரம் படிக்க முடியாது, முடியும் என்று நடிக்கவும் வேண்டாம். வாரம் பதினைந்து நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் உங்கள் பதிலைப் பார்ப்பார்.

பதில் ஒரு வரி போதும், அது கேள்வியாக இருப்பது நல்லது. "குட்", "கீப் இட் அப்" எல்லாம் எழுதாமல் விட்டதற்குச் சமம். டைட்ரேஷன் மாணவருக்கு, "பிங்க் மறைய நேரம் ஆவது ஏன் என்று யோசித்தாயா?" என்று எழுதலாம். தேய்மான மாணவருக்கு, "இதே மாதிரி தாவியது வேறு எந்தக் கணக்கில்?" என்று கேட்கலாம். ஒரே தடுமாற்றம் பல நோட்டில் வந்தால் அதைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்காமல் அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் பேசிவிடுங்கள். "போன வாரம் நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் இதை எடுக்கிறேன்" என்று சொல்லியே பேசுங்கள். யார் எழுதியது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நன்றாகப் படிக்கும் சிலர் எழுத ஒன்றுமில்லை என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அவர்களிடம் கேள்வியை மாற்றிவிடுங்கள்: "பக்கத்தில் இருப்பவர் இதில் எங்கே இடறுவார்? எப்படிச் சொல்லிப் புரியவைப்பீர்கள்?"

ஐந்தாம் படி: இன்டர்னலை விடாதீர்கள்

ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு தடவைதான் எழுதவைக்க முடியும் என்றால், தேர்வுத் தாள் திரும்பக் கொடுக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவெட் பரப்பிய ஒரு முறையை நம் இன்டர்னலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தேர்வு எழுதி முடித்து விடைத்தாளை உங்களிடம் ஒப்படைக்கும் முன், மாணவர் அதன் மேல் ஓரத்தில் தான் எதிர்பார்க்கும் மார்க்கைப் பென்சிலில் எழுத வேண்டும். இது அரை நிமிட வேலை. ஆனால் தாள் திரும்பி வரும்போது அந்தப் பென்சில் எண்ணும் சிவப்பு மை எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருப்பவர், தனக்குத் தெரிந்ததற்கும் தெரிந்ததாக நினைத்ததற்கும் வித்தியாசம் பார்க்க முடியாதவர். அவருக்குத்தான் இந்த நோட்டு மிகவும் தேவை.

திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், நிரப்புவதற்கு ஒரு பக்கத் தாள் ஒன்று தாருங்கள். படித்தது எப்போது, எவ்வளவு நேரம், எப்படி என்பது முதல் பகுதி. "எப்படி" என்பதற்குச் சரியான விவரம் வேண்டும்: நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தாரா, கோடு போட்டாரா, பழைய கேள்வித்தாளைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தாரா, நண்பருக்குச் சொல்லிக் காட்டினாரா. இரண்டாவது பகுதி, இழந்த ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம். படிக்கவே இல்லை, படித்தேன் ஆனால் நினைவுக்கு வரவில்லை, நினைவிருந்தது ஆனால் ஆங்கிலத்தில் எழுத வரவில்லை, கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், நேரம் போதவில்லை. இந்த ஐந்தில் ஒன்றை ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது பகுதி, அடுத்த இன்டர்னலுக்கு மாற்றப்போகும் ஒரே ஒரு பழக்கம்.

ஐந்து காரணத்துக்கும் ஐந்து வேறு மருந்து என்பது மாணவருக்கு அப்போதுதான் உறைக்கும். நேரம் போதாதவர் கூடுதலாக வாசித்துப் பயனில்லை, மணி பார்த்து எழுதிப் பழக வேண்டும். படித்தும் நினைவுக்கு வராதவரின் முதல் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் திரும்ப வாசித்தேன், கோடு போட்டேன் என்றுதான் இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லோஸ்கியும் சகாக்களும் 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பலன் தருபவை என்ற வரிசையில் வந்தன. தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதும், ஒரே ராத்திரியில் முடிக்காமல் நாட்களாகப் பிரித்துப் படிப்பதும் மேலே வந்தன. இதை லெக்சராகச் சொன்னால் காதில் ஏறாது. தன் கையால் "மூன்று தடவை வாசித்தேன்" என்று எழுதி, அதற்கு நேராக "நினைவுக்கு வரவில்லை" என்றும் எழுதியிருக்கும் நாளில் சொன்னால் ஏறும்.

அந்தத் தாள்களை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இன்டர்னலுக்கு இரண்டு வாரம் முன்பு திருப்பிக் கொடுங்கள். முந்தின நாள் கொடுத்துப் புண்ணியமில்லை.

ஆறாம் படி: மலைக்குப் போகும்போது

சேலத்தில் பாடம் எடுப்பவருக்கு ஒரு வசதி, களப்பயணத்துக்குத் தூரம் போக வேண்டியதில்லை. ஜியாலஜி மாணவர்களுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் வெள்ளைக் கரடு. பாட்டனி மாணவர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. போய்வந்து எழுதும் ரிப்போர்ட்டில் புறப்பட்ட நேரமும் டிபன் சாப்பிட்ட இடமும் இருக்கும், கற்றது இருக்காது.

போகும் முன் ஒரு கணிப்பு எழுதவையுங்கள். "கரட்டில் தெரியும் வெள்ளைப் பாறை என்ன? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" வெள்ளையாக இருப்பதால் சுண்ணாம்புக்கல் என்று பலர் எழுதுவார்கள். அங்கே போய் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்புக்கல் மாதிரி உடனே பொங்காது. பொடியாக்கினாலோ சூடாக்கினாலோதான் மேக்னசைட் நன்றாகப் பொங்கும், ஏனென்றால் அது கால்சியம் கார்பனேட் இல்லை, மெக்னீசியம் கார்பனேட். திரும்பி வந்ததும் கேள்வி ஒன்றுதான்: "போகும் முன் எழுதியதில் எது நின்றது, எது உடைந்தது, உடைத்தது எது?"

ஏற்காட்டுக்கும் இதே வழி. மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது என்று நம்பும் மாணவர் எல்லா பேட்ச்சிலும் இருப்பார். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் அங்கேயே இருக்கிறது. அதையும், வழியில் மரத்தில் தொற்றியிருக்கும் புல்லுருவியையும் ஒரே நாளில் காட்டிவிட்டால் வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஆர்க்கிட்டுக்கு மரம் உட்கார இடம் மட்டும்தான், புல்லுருவி மரத்துக்குள்ளேயே வேர் இறக்கி உறிஞ்சுகிறது. குறிப்பை ஏரிக்கரையில் உட்காரவைத்து எழுதி வாங்கிவிட்டு பஸ் ஏறுங்கள். இறங்கும்போது வளைவுகளில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருப்பார்கள், பேனா பிடிக்க யாராலும் முடியாது.

மார்க்கும் ரகசியமும்

மார்க் போட்டே ஆக வேண்டும் என்று துறை சொன்னால், எழுதியதற்கு மட்டும் மார்க் கொடுங்கள், எழுதிய விஷயத்துக்கு வேண்டாம். விஷயத்துக்கு மார்க் என்றால் உங்களுக்குப் பிடித்த மாதிரியான தடுமாற்றத்தைக் கற்பனை செய்து எழுதித் தருவார்கள்.

ரகசியம் விஷயத்தில் நிதானம் தேவை. படிப்பைப் பற்றித்தான் கேட்கிறோம், ஆனாலும் ஃபீஸ் கட்டாதது, அப்பாவின் குடி, வீட்டில் கல்யாணப் பேச்சு எல்லாம் வந்து விழும். முதல் நாளிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். எழுதியதை வகுப்பில் வாசிக்க மாட்டேன், யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டேன். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் நோட்டில் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுப் பேசி, கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ சேர்த்துவிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம்.

ஆசிரியர் இல்லாமல் தனியாக எழுதுபவருக்கு

உங்கள் துறையில் யாரும் இதைச் செய்யவில்லை என்றால் நீங்களே தொடங்கலாம். புது பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பக் காத்திருக்கும் நேரம் போதும். போன் நோட்ஸில் தட்டலாம், வாய்ஸ் ரெக்கார்டும் செய்யலாம், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை அதைத் திரும்பக் கேட்டு ஒரு வரியாவது எழுதிவையுங்கள். பேசிவிட்டு மறந்தால் புலம்பலோடு நின்றுவிடும். பதில் எழுத ஆள் வேண்டும், அதனால் ஒரு நண்பரோடு நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வேறு துறைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. தெரியாததால் அடிப்படையான கேள்வி கேட்பார், அதற்குப் பதில் சொல்லப் போகும்போதுதான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் பழைய விடைத்தாளை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்: எந்தக் கேள்விகளை விட்டேன், ஏன். மேலே சொன்ன ஐந்து காரணங்களையே பயன்படுத்தலாம்.

கடைசிப் படி: நோட்டைத் திரும்பப் படிப்பது

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய ஸ்டடி ஹாலிடேஸ் தொடங்கும் முன், ஒரு முழு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். மாணவர் தன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து, மூன்று தடவைக்கு மேல் வந்திருக்கும் தடுமாற்றத்தை மட்டும் சிவப்பில் வட்டமிடட்டும். தேய்மானத்தில் தேதியை விட்டவர், கம்பெனி அக்கவுன்ட்ஸிலும் புள்ளியியலிலும் அதே மாதிரி தாவியிருப்பதை அங்கேதான் பார்ப்பார். பாடங்கள் வேறு வேறு, தாவல் ஒன்று.

அப்புறம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், அடுத்த வருஷம் இதே பேப்பரைப் படிக்கப்போகும் ஜூனியருக்கு: இந்தப் பாடத்தில் எங்கே வழுக்கும், நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன், எதில் நேரம் வீணானது. பெயர் போட வேண்டாம். ஜூன் மாதம் புது பேட்ச் வந்ததும் சிலபஸ் தாளோடு நல்ல பக்கங்கள் நாலைந்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். சிலபஸைப் படிக்கிறார்களோ இல்லையோ, சீனியர் எழுதியதைக் கட்டாயம் படிப்பார்கள்.